வெள்ளிக்கிழமைப் பங்கு

நாகேஸ்வரியின் கத்தரித் தோட்டத்தை வாழவைக்க உருத்திரபுரத்தில் ஒரு சங்கமே புறப்பட்டது. 1993ஆம் ஆண்டு, போர்க்காலத் தடையால் மண்ணெண்ணெய்க்கு ஊரே தவம் கிடந்த காலம். கிணற்றில் தண்ணீர் இருந்தது. இறைக்கிற மெசினுக்குத்தான் எண்ணெய் இல்லை. கணவன் போனபின் அந்த அரை ஏக்கர்தான் அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு.

ஓய்வுபெற்ற நடராசா மாஸ்டர் வழி கண்டுபிடித்தார். பன்னிரண்டு குடும்பம் கிழமைக்கு அரைப் போத்தல் எண்ணெய் கொடுக்கும். காய்ப்பதை அவள் அவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பாள். இந்த இரண்டு வரியை மாஸ்டர் முக்கால் மணி நேரம் விளக்கினார். நாகேஸ்வரி நம்பினாள், பாவம். பங்குநாள் வெள்ளி என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அன்றைக்குத்தானே வீடெல்லாம் சைவம்.

முதல் வெள்ளியே சைக்கிளில் பனையோலைக் கடகத்தைக் கட்டிக்கொண்டு போனாள். கத்தரிக்காயை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்த விமலேஸ்வரி ரீச்சர், அவள் நீட்டிய வெறும் போத்தலைக் கண்டு திடுக்கிட்டார்.

"வெள்ளிக்கிழமை வீட்டு எண்ணெயை வெளியில குடுத்தா லட்சுமி தங்கமாட்டா, பிள்ளை. நாளைக்கு வாவன்."

மற்றப் பதினொரு வீட்டிலும் இதே கதை. சனிக்கிழமை எண்ணெய் கைமாறக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை போனால், எண்ணெய் விளக்கில் எரிந்து முடிந்திருந்தது. இப்படியே மூன்று கிழமை. இலைகள் சுருண்டன. பிள்ளைகளோடு வாளியால் அள்ளி ஊற்றியே இரண்டு வரிசையைக் காப்பாற்றினாள்.

பங்குநாளை வியாழனுக்கு மாற்றச் சொல்லிக் கூட்டத்தில் கேட்டாள்.

"வியாழன் தந்தா வெள்ளிக்குள்ள காய் வாடிப்போமெல்லே, பிள்ளை?" என்றார் மாஸ்டர்.

"செடி வாடுறதையும் ஒருக்கா வந்து பாருங்கோவன், மாஸ்டர்."

அவளுடைய கருத்துக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேறியது; பங்குநாள் வெள்ளியாகவே இருந்தது.

நாலாவது வெள்ளி நாகேஸ்வரி எந்த வீட்டுக்கும் போகவில்லை. பன்னிரண்டு வீட்டுக் குசினியிலும் கறி இல்லாமல் சோறு தனியே ஆறியது. பொறுக்கமுடியாமல் மாஸ்டரே பையோடு வந்தார். சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது; பக்கத்தில் கடகம் நிறையக் கத்தரிக்காய்.

"எங்கட பங்கு, பிள்ளை?"

"விளக்கு வைச்சிட்டன், மாஸ்டர். வெள்ளிக்கிழமை எங்கட வீட்டிலயும் ஒண்டும் வெளியில குடுக்கிறேல்லை."

பஞ்சாங்கம் பார்த்தே பல்லு விளக்குகிற மனிதர் வெறும் பையை மடித்துக்கொண்டார்.

"அப்ப எப்ப வாறது?"

"வியாழன். போத்தலோட வாங்கோ."

அடுத்த வியாழன் காலை பன்னிரண்டு போத்தலும் அவளுடைய வேலிப் படலையடிக்கு வந்து சேர்ந்தன. மெசின் இரண்டுதரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. பங்குநாளை மாற்றியது மாஸ்டரின் தீர்க்கதரிசனம் என்று சங்கத்தின் ஆண்டறிக்கை எழுதியது. நாகேஸ்வரிக்கு அதை வாசிக்க நேரமில்லை. பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்றாள்.