சூசைதாசனின் கரண்ட் ஓட்டோ

கொட்டாஞ்சேனையில் சூசைதாசன் என்று கேட்டால் யோசிப்பார்கள். கரண்ட் ஓட்டோக்காரர் என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். பெற்றோல் ஓட்டோவை விற்றுவிட்டு, கரண்டில் ஓடும், சத்தமே போடாத அந்தப் பச்சை வண்டியை அவர் கொண்டுவந்த நாளில் ஒழுங்கையே கூடி நின்று சிரித்தது. அவர் யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

சொல்ல என்ன இருக்கிறது? பெற்றோல் தட்டுப்பாட்டு வருஷத்தில் மனுஷன் எண்ணெய் அடிக்கும் செட் வாசலில் வரிசையில் கிடந்தபோதுதான் வீட்டில் மனைவி றோஸிக்கு மூச்சிழுப்பு வந்தது. அவர் வண்டியில் சொட்டு எண்ணெய் இல்லை. அயலில் எவரிடமும் இல்லை. ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிப் பக்கம் நடந்தார். பாதி வழியில் அவள் போய்விட்டாள். இனி இந்த ஒழுங்கையில் ஒருவரும் அப்படிச் சாகக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம்.

ஆனால் சனம் ஏறினால்தானே! எதிர்வீட்டு புவாத்துக்கு பேஸ்புக் இல்லாமல் சோறு இறங்காது. எங்கோ எரிந்த ஒரு வண்டியின் வீடியோவோடு இவருடைய ஓட்டோப் படத்தையும் சேர்த்து, ‘ஓடித்திரியும் குண்டு’ என்று போட்டுவிட்டான். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. நோயாளிகள்கூட அவரைத் தாண்டிப்போய் வேறு வண்டி பிடித்தார்கள். அதுதான் அவருக்கு நெஞ்சைச் சுட்டது.

ஒரு மழை நாளில் புவாத்தின் தகப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். போனில் கூப்பிட்ட வண்டி ஒன்றும் வரவில்லை. புவாத் நனைந்துகொண்டு சூசைதாசனின் வாசலுக்கு ஓடிவந்தான்.

“அண்ணே, வாப்பாவுக்கு...”

“கதைச்சுக்கொண்டு நிக்காத தம்பி, ஏத்து!”

பெரியவர் பிழைத்தார். புவாத் பழைய பதிவை அழித்துவிட்டு நடந்ததை எழுதினான். முன்பு சிரித்த அதே ஆட்கள் இப்போது ஹீரோ என்றார்கள்; இனி எல்லாம் கரண்ட் வண்டிதான் என்றார்கள். இவர்களோடு யார் மல்லுக்கட்டுவது? சூசைதாசனுக்குச் சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இந்த ஞானம் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்ற கவலைதான் வந்தது.

கமெண்டில் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். புவாத் அதை அவரிடம் கொண்டுவந்தான்.

“ஒருக்கா சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் ஓடும் எண்டு கேக்குறாங்க, அண்ணே.”

சூசைதாசன் பின்சீற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஓடும் எண்டு போடு, தம்பி. றோஸிக்கு அவ்வளவு தூரம்தான் தேவைப்பட்டது.”