இருபத்தேழு 'நல்லாருக்கு'

வீரசோழனில் இருந்து எழுதுகிறேன். என்னைப்போல் செல்போனிலேயே கதை எழுதுகிறவர்களுக்கு இது உதவலாம்.

இரண்டு வருடமாக ஒரு நாவல் எழுதி வந்தேன். போன் கெட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் சவுதியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவேன். "நல்லாருக்கு" என்று உடனே பதில் வரும். இப்படி இருபத்தேழு அத்தியாயம்.

ஒரு நாள் லாரித் தண்ணீர் பிடிக்கும்போது, இடுப்பில் செருகியிருந்த போன் டிரம்முக்குள் விழுந்தது. அருப்புக்கோட்டையில் போன் பழுது பார்ப்பவர், "உள்ள இருந்ததெல்லாம் போச்சுக்கா" என்றார். நான் கலங்கவில்லை. நாத்தனார் போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கதையைத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

"அதெல்லாம் அப்பப்ப அழிச்சிருவேன். போன்ல இடம் வேணும்ல" என்றார்.

"படிச்சிட்டுத்தான அழிச்சீக, மச்சான்?"

"பின்ன, படிக்காமயா?"

"கதையில வர்ற மும்தாஜு கடைசில என்ன ஆனா?"

கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தான இருக்கா."

மும்தாஜை நான் மூன்றாவது அத்தியாயத்திலேயே கொன்றிருந்தேன்.

இப்போது முதலில் இருந்து எழுதுகிறேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் என் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிட்டு, ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி எடுத்து பீரோவில் பூட்டி வைக்கிறேன். வீட்டுக்காரருக்கும் அனுப்பத்தான் செய்கிறேன். போன வாரம் அனுப்பிய அத்தியாயத்தில், அவர் பெயருள்ள ஒருவன் சவுதியில் லாரி மோதிச் சாகிறான். அவன் பெண்டாட்டி அழவில்லை.

"நல்லாருக்கு" என்று உடனே பதில் வந்தது.