குலுங்காத ஜீப்

என் தாய்மாமாவுக்குப் பெண் அமையாமல் போனதற்கு அவர் முகமோ குணமோ காரணமில்லை. மலை ரோடுதான் காரணம். தாண்டிக்குடிக்கும் மேலே இருக்கும் எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசிக்கிற அடிவாரத்துக்காரர்கள், வீடு பார்க்க ஒருமுறை மேலே வருவார்கள். இறங்கிப் போனபின் அவர்களிடமிருந்து பதிலே வராது. மாமாவுக்குக் காபித் தோட்டமும் சவ்சவ் பந்தலும் இருந்தன. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றும் இருந்தது. பஸ் எப்போதாவதுதான் என்பதால், வருகிறவர்களை அந்த ஜீப்தான் ஏற்றிவரும். ஏறும்போது சம்பந்தி முறுக்கோடு ஏறுகிறவர்கள், இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள்.

கடைசியாக அய்யம்பாளையத்தில் ஒரு பெண் அமைந்தது. தென்னந்தோப்புக்காரர் வீடு. அம்மாவும் அப்பாவும் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எல்லாம் பொருந்தியிருந்தது, பெண்ணின் அம்மா மட்டும் இழுத்தார். எப்போதோ ஒரு கோயிலுக்கு ஜீப்பில் மலையேறிவிட்டு, வாரக்கணக்கில் முதுகுக்குத் தைலம் தேய்த்தவராம் அவர். "வீடு பாக்க வாரோம். ஆனா அந்தக் குலுக்கல என் ஒடம்பு தாங்காதுங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்த மாமா சாப்பிடக்கூட இல்லை. நேராக ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அடிவாரத்துப் பட்டறைக்கு என்னையும் கூட்டிப் போனார். ஜீப்புக்கு அடியில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே, வில் போல வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். மூட்டைச் சுமையைத் தாங்குவது அந்தப் பட்டைகள்தான். குலுக்குவதும் அவைதான். எல்லா அடுக்கிலும் இரண்டிரண்டு பட்டையை உருவிவிடச் சொன்னார் மாமா. ஏதோ சொகுசுக் காரிலிருந்து கழற்றிய மெத்தென்ற ஷாக் அப்சர்பர்களையும் தேடிப்பிடித்து மாட்டச் சொன்னார். பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"லோடு ஏத்துற வண்டில்ல இது?"

"இப்ப ஏத்தப்போறது மாமியார, அண்ணே" என்றார் மாமா.

ஊருக்குத் திரும்பியதும் பரிசோதனை நடந்தது. அம்மா உறை ஊற்றி வைத்திருந்த தயிர்ப் பாத்திரத்தை என் மடியில் வைத்து, தோட்டத்துக்குப் போகும் கரடுமுரடான பாதையில் ஓட்டினார். குழியில் இறங்கினோம், கல்லில் ஏறினோம். தயிர் கலையவே இல்லை. மாமா வண்டியை நிறுத்தி, குனிந்து பார்த்து, "பாத்தியா பாப்பா, ஆடைகூடக் கிழியல" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு மாமாவை அவ்வளவு பிடிக்கும். அந்தப் பெண்ணை நானே தூக்கிக்கொண்டு வந்து அவருக்குக் கட்டிவைத்துவிடலாம் போலிருந்தது.

அந்தப் பாதை நேர்ப்பாதை என்பது இருவருக்கும் உறைக்கவில்லை. பட்டறையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித்தான் வந்தோம். ஜீப் ஒவ்வொரு வளைவிலும் சாயத்தான் செய்தது. ஆனால் மாமாவின் கையில் ஸ்டியரிங் இருந்தது, எனக்கோ அது ஊஞ்சல். சாய்வதை ஒரு குறையாகவே நாங்கள் எண்ணவில்லை.

பெண் வீட்டார் வருகிற நாளில் அவர்களை ஏற்றிவர வெள்ளனே கீழே கிளம்பினோம். வழக்கப்படி வீடு பார்க்கப் பெண் வரமாட்டாள். இந்தப் பெண் வந்தாள். அம்மாவுக்குத் துணை என்று சாக்குச் சொல்லி ஏறிக்கொண்டாளாம். நான் அவளை அக்கா என்றேன். பின்பக்கம் எதிரெதிர் இருக்கைகளில் பெண்ணின் அப்பா, சித்தப்பா, சித்தி, அவர்களோடு அந்த அக்காவும் நானும். முன்சீட்டில் பெண்ணின் அம்மா. அடிவாரத்துக் குழிகளையெல்லாம் ஜீப் வழுக்கிக்கொண்டு கடந்தது. "பரவாயில்லையே, கட்டில்ல ஒக்காந்தாப்புல இருக்கு" என்று அவர் வாயாலேயே சொன்னார். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பிறகு வளைவுகள் வந்தன. முதல் வளைவில் ஜீப் ஒருபக்கமாகச் சாய்ந்து, நிமிர மனமில்லாமல் நிமிர்ந்தது. அடுத்ததில், அவர்கள் கொண்டுவந்து கீழே வைத்திருந்த பழத்தட்டு இந்தப் பக்கத்துக் காலடியிலிருந்து எதிர்ப்பக்கத்துக் காலடிக்குப் போனது. சித்தப்பா முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச தூரத்தில் பெண்ணின் அம்மா, "நிறுத்துங்க, வெரசா நிறுத்துங்க" என்றார். மாமா நிறுத்துவதற்குள் காரியம் நடந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொருவராக இறங்கி ஓரத்தில் குனிந்தார்கள். அக்கா மட்டும் ஒன்றும் ஆகாமல் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வீடு பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாயில் கிடந்தார்கள். அம்மா கிளறிய கேசரியைத் தொட ஆளில்லை, எலுமிச்சம்பழம்தான் செலவானது. எழுந்து உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா கேட்ட முதல் கேள்வி, கீழே போக எப்போது பஸ் என்பது.

மாமா வாசலில் ஜீப்பின் பின்சக்கரத்துப் பக்கம் குந்தியிருந்தார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா வெளியே வந்து, குனிந்து அடியில் பார்த்தாள்.

"பட்டையக் கழட்டிட்டீகளா?"

"குலுங்கக் கூடாதுன்னு..." என்று இழுத்தார் மாமா.

"குலுங்குனா குலுங்கிட்டுப் போகுது. இப்பிடி ஆடுனா ஆகாதுங்க. இதுல சவ்சவ் மூட்டைய எப்பிடி ஏத்துவீக? பழையபடியே மாட்டிருங்க. எங்கம்மா வருசத்துல ஒருக்கா வரும். அது பஸ்ஸுல வந்துக்கிரும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்ததே கோபம்! மாமா சோறு தண்ணியில்லாமல் கிடந்து பார்த்த வேலையை நின்ற நிலையில் குற்றம் சொல்லிவிட்டுப் போகிறாளே என்றிருந்தது. அவர்கள் பஸ் ஏறிப் போனதும் அம்மா கேசரியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். "இதுவும் போச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் கழற்றிய பட்டைகளை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் சீட்டி அடித்துக்கொண்டே ஓட்டினார். வருடத்துக்கு ஒருமுறை வரப்போகிற அந்த அக்காவின் அம்மா, யார் வீட்டுக்கு, யாரைப் பார்க்க வருவார் என்றெல்லாம் யோசிக்கிற வயதில்லை எனக்கு. பாவம், துக்கத்தை மறைக்கிறார் என்று நினைத்தேன். மெல்ல நகர்ந்து, அவர் கைமேல் என் கையை வைத்தேன்.

"விடுங்க மாமா, நம்ம ஜீப்பக் குத்தம் சொல்ற பொண்ணு நமக்கு வேணாம். வேற பாக்கலாம்."

மாமா ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை, ஓவென்று அழுதுவிட்டேன்.