அப்பா சொன்னதில் விடுபட்ட பாதி

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அப்பாவின் படத்துக்கு முன் விளக்கேற்ற வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும், வர முடியாமல் இந்த நினைவு மலரைத் தபாலில் பெறுகிறவர்களுக்கும் மூத்த மகள் நான் எழுதுகிறேன். இப்படிப்பட்ட மலர்களில் நல்லதை மட்டும் எழுதுவார்கள். அப்பாவைப் பற்றிக் கெட்டதாக எழுத ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு நடந்ததில்தான் நல்லது குறைவு. அதை மறைக்க எனக்குத் தெரியாது.

"கூரை நல்லா இருக்குன்னு பாஸே கையெழுத்துப் போட்டாரு, கடைசியில அவரே அதுல இருந்து விழுந்தாரு" என்று கருமாதி வீட்டிலேயே அப்பாவைப் பற்றி ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார். அவரும் இதைப் படிப்பார். முழுவதும் படிக்கட்டும்.

அப்பா பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார், கையெழுத்துப் போடுவார். இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாது. பதினான்கு வயதில் நல்லதண்ணிக்குப் போய், சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் கடைகளுக்குத் தகரம் அடிக்கும் வேலையில் சேர்ந்தார். சீசன் முடிந்ததும் தகரத்தையெல்லாம் கழற்றி அடுக்கி வைக்க வேண்டும். அடுத்த சீசனுக்கு அதே ஆணி ஓட்டையில் அதே தகரத்தை ஏற்ற வேண்டும். ஒரு தகரத்தை ஏழெட்டு வருடம் உயிரோடு வைத்திருக்க அங்கேதான் பழகினார்.

அம்மாவைக் கட்டிக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தபின், தேயிலைத் தொழிற்சாலையில் தச்சு வேலைக்கும் கூரை வேலைக்கும் அப்பாவை எடுத்தார்கள். தச்சு மேஸ்திரியை இங்கே 'பாஸ்' என்போம்; அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் 'பாஸ்'. அம்மா மலையில் கொழுந்து எடுத்தார். எனக்கும் தங்கைக்கும் இடையில் பிறந்த தம்பி மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய பெட்டியையும் அப்பாதான் செய்தார். வேறு யாரையும் தொட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவை வீட்டில் பார்க்க முடியாது. தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்தில் ஒழுகினாலும் ஏணியோடு போய்விடுவார். ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணி கொடுத்தால் போதும். யாராவது புதுத் தகரம் வாங்கப் போகிறேன் என்றால் கோபம் வரும். "எதுக்கு மாத்துற? நாலு ஆணியக் கழட்டித் திருப்பி அடிச்சா இன்னும் பத்து வருசம் கெடக்கும்" என்பார். "மச்சானுக்கு வேட்டி கிழிஞ்சாலும் ஒட்டுதான், தகரம் கிழிஞ்சாலும் ஒட்டுதான்" என்று மாமா கேலி செய்வார். மாமா அம்மாவின் தம்பி. அப்பாவோடு வேலை செய்தவர்.

இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்டவர் ஒரு கூரையை மாற்றத்தான் வேண்டும் என்று சொன்னால், அதற்கு மேல் யாரும் யோசிக்க ஒன்றும் இல்லை.

அந்தக் கூரை தொழிற்சாலையின் மேல்மாடிக் கூரை. அங்கேதான் கொழுந்தை வாட்டுவார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தகரம். அதன் மேல் தார், தாரின் மேல் ஒட்டு, ஒட்டின் மேல் மறுபடி தார். போன வருடத்துக்கு முந்தைய வருடம், தை மாத வெயிலில், கூரையைப் பார்த்துச் சொல்லும்படி அப்பாவிடம் கேட்டார்கள். ஒட்டுப் போட்டால் போதுமா, கெட்ட தகரங்களை மட்டும் கழற்றித் திருத்தலாமா, முழுவதும் மாற்ற வேண்டுமா என்பது கேள்வி.

அப்பா மூன்று நாள் பார்த்தார். முதலில் உள்ளே நின்று மேலே பார்த்தார். பிறகு ஏறி, ஒவ்வொரு தகரத்தையும் சுத்தியல் காம்பால் தட்டினார். நல்ல தகரம் கணீர் என்னும். துரு தின்றது டொப் என்னும். அதை அப்பா 'செத்த தகரம்' என்பார். செத்ததில் எல்லாம் சோக்கால் பெருக்கல் குறி போட்டார். கடைசி நாள், தகரத்தைத் தாங்கும் மரச் சட்டங்களில் திருப்புளியைக் குத்திப் பார்த்தார். அன்று சாப்பிட உட்கார்ந்தவர் அம்மாவிடம் சொன்னார்: "தகரம் பாதி செத்துப் போச்சு. அதக்கூட மாத்திக் காப்பாத்திடலாம் புள்ள. அடியில சட்டம் போச்சே. திருப்புளி வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குது. தார் தண்ணியப் புடிச்சு வச்சுக்கிட்டே இருந்திருக்கு."

மறுநாள் தொழிற்சாலை ஆபீசில் சொல்லப் போனார். மாமாவும் கூடப் போனார். அங்கே தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் உதவி டீமேக்கர் இருந்தார். புதிதாக வந்தவர், நம் ஆள்தான், ஹட்டன் டவுனில் படித்தவர். இனி நான் எழுதுவது மாமா வாயால் கேட்டது.

"சொல்லுங்க பாஸ், கூரை எப்படி?"

"அத திருத்த வேணாங்க ஐயா. திருத்துற கட்டமெல்லாம் தாண்டிப் போச்சு. மாத்தணும்."

அந்த நேரம் டெலிபோன் அடித்திருக்கிறது. ஐயா ஒரு கையில் டெலிபோனும் மறு கையில் பேனாவுமாக, பராமரிப்புப் புத்தகத்தில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார். பேசி முடித்ததும் புத்தகத்தைத் திருப்பி வைத்தார்.

"திருத்த வேண்டாம்னு எழுதியிருக்கேன் பாஸ். சரிதானே?"

"ஆமாங்க, அதேதான்."

"அப்ப இதுல போடுங்க."

அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். மாமாவும் தலையை ஆட்டினார். அப்பா அந்த இரண்டு சொல்லில், இனித் திருத்திப் பிரயோசனம் இல்லை என்பதைக் கேட்டார். புத்தகத்தில் இருந்தது வேறு: கூரைக்குத் திருத்த வேலை எதுவும் தேவையில்லை. மாற்ற வேண்டும் என்ற மற்ற பாதி அங்கே இல்லை.

அந்த ஐயா வேண்டுமென்றே எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவர் பாதியைத்தான் கேட்டார். நம் ஆட்களுக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆபீசில் ஒரு தாளை நீட்டினால் 'ஆமாங்க' என்போம். என்ன எழுதியிருக்கிறது, இன்னொரு தரம் வாசியுங்கள் என்று கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்போம். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அதனால் அந்த வருடம் தோட்ட ஆபீசில் கூரைக்கு என்று பணம் எதையும் ஒதுக்கவில்லை. தகரம் வரும் வரும் என்று அப்பா காத்திருந்தார். "கொழும்புல இருந்து வரணும்ல, மெதுவாத்தான் வரும்" என்று எங்களுக்குச் சமாதானம் சொன்னார்.

தகரம் வரவில்லை. ஆனி மாத மழைதான் வந்தது. மேல்மாடியில் பரப்பியிருந்த கொழுந்தில் தண்ணீர் கொட்டியது. தோட்டத்தை நடத்தும் துரை வந்து பார்த்துவிட்டு, மழை விட்டதும் ஏறித் தார் பூசி ஒட்டுப் போடச் சொன்னார்.

"தொரை, மேல ஆள் ஏறக்கூடாதுங்க. சட்டம் தாங்காது. தை மாசமே சொல்லியிருக்கேன்" என்றார் அப்பா.

"நீதானே ஒண்ணும் தேவையில்லைன்னு கையெழுத்துப் போட்ட? புத்தகத்துல இருக்கு."

அப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பா திருப்பிச் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அந்தக் கோபம் எனக்கு அப்பா மேலும் உண்டு.

மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருங்க மச்சான், நான் ஏறுறேன்" என்றார்.

"ஒன் வயித்தப் பாத்தாலே தகரம் அழும்டா. எறங்கு."

"வெளையாடாதீங்க. யாரும் ஏற வேணாம், போயிடலாம்."

"நம்ம போனா வேற யாரையாவது ஏத்துவாங்க. அவனுக்கு எது செத்தது, எது உசுரோட இருக்குன்னு தெரியுமா?"

சோக்குக் குறிகளை மழை கழுவிவிட்டிருந்தது. அப்பாவுக்குக் குறி தேவையில்லை. எல்லாம் மனதில் இருந்தது. தகரத்தின் நடுவில் கால் வைக்காமல், ஆணி வரிசை மேலேயே நடந்தார். ஆணிக்கு அடியில் மரம் இருக்கும். கூரை வேலைக்காரர் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். அப்பா சொன்னபடியே நடந்தது. தகரம் உடையவில்லை. சட்டம் உடைந்தது. கீழே கொழுந்து பரப்பும் தொட்டியின் இரும்பு விளிம்பில் முதுகு பட விழுந்தார். இடுப்புக்குக் கீழே அப்பாவுக்கு மறுபடி உணர்வு வரவே இல்லை.

விசாரித்தார்கள். புத்தகத்தைக் காட்டினார்கள். பிழை பாஸுடையது என்று எழுதி மூடிவிட்டார்கள். அப்பா கட்டிலில் கிடந்தபடி கேட்டது ஒன்றுதான். ஆபீசில் இருந்து யார் பார்க்க வந்தாலும், "ஐயா, அந்தப் புத்தகத்துல 'மாத்தணும்'ங்கிற ஒரு வார்த்தையச் சேத்துடுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்பார். சரி பாஸ், சரி பாஸ் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சேர்க்கவில்லை.

ஆனால் கூரையை மாற்றினார்கள். புரட்டாசியில் நீல நிறத் தகரம் லொறியில் வந்தது. சட்டமும் புதிது. அப்பா சொன்னபடி, சொன்ன அளவில்.

எங்கள் லயம் தொழிற்சாலைக்குக் கீழே இருக்கிறது. மழை முதலில் தொழிற்சாலைக் கூரையில் விழும். பிறகுதான் எங்கள் தகரத்துக்கு இறங்கும். ஐப்பசியில் ஒரு பகல், மேலே மழை பிடித்த சத்தம் கேட்டதும் அப்பா கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். எங்கள் கூரைக்கு மழை வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே சத்தமா இருக்கு பாரு. ஒண்ணுகூட சாகல."

அதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. தை மாதம், முதுகில் வந்த படுக்கைப் புண் உடம்பெல்லாம் பரவி, அப்பா போய்விட்டார்.

எட்டு மாதம் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்து, புண்ணுக்கு மருந்து கட்டிய அம்மாவுக்கும் தங்கைக்கும் நான் நன்றி சொன்னால் திட்டுவார்கள். அப்பாவைச் சாக்கில் வைத்து ரோடு வரை தூக்கி வந்த தொழிற்சாலை ஆட்களுக்கும், கூலி கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டிய டவுன் கடை பாய்க்கும், பெட்டி செய்த மாமாவுக்கும் எங்கள் நன்றி. மாமா, நீங்கள் தலையாட்டியதை நினைத்து இனி அழ வேண்டாம். அந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தலையாட்டியிருப்போம். பார்க்க வந்து, சரி என்று சொல்லிப் போனவர்களுக்கு நன்றி இல்லை.

இந்த மலரின் ஒரு பிரதியைத் தோட்ட ஆபீசுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அந்தப் புத்தகம் இருக்கும் அலுமாரியிலேயே இதையும் வைக்கட்டும். அப்பா சொன்னது இதுதான்: கூரையைத் திருத்த வேண்டாம், மாற்ற வேண்டும். சரிதானா என்று யாராவது கேட்டால், முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன்.