சத்தம் அளந்த நாள்

என் வீட்டுக்காரருக்கு ஜாகா வேலை. ராத்திரி முழுக்க ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் இருந்துவிட்டுக் காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். பக்கத்து வீட்டில் ஆணி அடித்தாலும் அசைய மாட்டார். ஆனால் விமானம் தாழப் பறந்தால் மட்டும் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். அதனால்தான், ஈப்போ பக்கம் ஓடுபாதையை நீட்டப் போகிறார்கள், பெரிய விமானங்கள் எங்கள் கம்பத்துக் குடியிருப்புக்கு மேலேதான் இறங்கும் என்று கேள்விப்பட்டதும் நான் பயந்துபோனேன். அவர் தூங்க முடியாத வீட்டில் நாங்கள் எப்படிக் குடியிருப்பது? நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்று எங்களை வெளியே அனுப்பிய பிறகு, பாடுபட்டுக் கட்டிய வீடு அது.

மக்களின் கருத்தைக் கேட்க அதிகாரிகள் வருகிறார்கள், அன்றைக்கே சத்தத்தையும் அளக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. கோயில் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்மளத் தேடி ஆபீசருங்க வாராங்கப்பா! சும்மா விட முடியுமா?"

ஈப்போ புந்தோங்கிலிருந்து உறுமி மேளம் வந்தது. விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. மாலை, சந்தனம், குலவை என்று ஒரே அமர்க்களம். எங்கள் ஜனங்களுக்கு மரியாதை என்றால் அது நாலு ஊருக்குக் கேட்க வேண்டும். அளக்கும் கருவி கோயில் வாசலில் மூன்று காலில் நின்று, அத்தனையையும் சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டத்தில், அளக்க வந்த ஆபீசர்களில் ஒருத்தி, நம் தமிழ்ப் பெண்தான், தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இந்த ஏரியா ஏற்கனவே ரொம்ப பீசிங்கா, சத்தமா இருக்கு ஆன்ட்டி. பிளேன் வந்தாலும் பெருசா வித்தியாசம் தெரியாதுன்னு ரிப்போர்ட் சொல்லுது."

எனக்கு வந்ததே கோபம்! தலைவரைப் பார்த்துத் திரும்பினேன். "அண்ணே, ஏரோப்ளேன் நம்ம குடியக் கெடுக்க வேணாம். உங்க மைக்செட்டே போதும்!"

மண்டபமே சிரித்தது. தலைவர் தலையைச் சொறிந்தார். அந்தப் பெண்ணும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மறுபடி ஒரு நாள் அளப்பதற்கு ஒத்துக்கொண்டாள்.

அந்த நாளில் எங்கள் கம்பம் வாயைக் கட்டிக்கொண்டது. பையன்கள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல் பெரிய ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டிலும் குக்கர் விசில் இல்லை, டிவி இல்லை. தலைவர் ஒலிபெருக்கிக்கு ஒரு கோணியையே போர்த்தி வைத்திருந்தார். நானும் அந்தப் பெண்ணும் என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். மத்தியான வெயில் ஏற ஏற, கோயிலுக்குப் பின்னால் மிச்சமிருக்கிற ரப்பர் மரங்களிலிருந்து 'பட்', 'பட்' என்று காய் வெடிக்கும் சத்தம் கேட்டது. அந்த மரங்கள் இத்தனை வருஷமாக அங்கேதான் நிற்கின்றன. எனக்குத்தான் அது இத்தனை நாளாகக் காதில் விழவில்லை. சின்ன வயதில் தோட்டத்தில் இப்படி வெடித்து விழும் கொட்டைகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு, லயத்து வரிசை வீடுகளுக்கு ஓடுவோம். லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே ரேடியோ நிலையம்தான், கடைசி வீட்டுக்கு நடந்து போவதற்குள் ஒரு பாட்டை விடாமல் கேட்டு முடிக்கலாம். யாராவது செத்தால்தான் எல்லா ரேடியோவும் நிற்கும். ஐயோ, அந்த ரேடியோச் சத்தத்துக்கு என் மனம் எப்படி ஏங்குகிறது!

அப்போது கதவு படாரென்று திறந்தது. கைலியை ஒரு கையில் பிடித்தபடி என் வீட்டுக்காரர் வெளியே ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"யாரு புள்ள? யாரு போய்ட்டா?"

"யாரும் சாகலைங்க. சத்தம் அளக்குறாங்க. போய்ப் படுங்க."

"அப்புறம் ஏன் இப்படி இருக்கு? தூக்கமே வரலியே!"

அந்தப் பெண் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "பாப்பா," என்றேன், "இவரு எங்க சத்தத்துல தூங்குற ஆளு. அந்தச் சத்தம் இருந்தா தூங்குவாரு. ஏரோப்ளேன் வந்தா தூங்க மாட்டாரு. இத உங்க மிசின் எப்படி அளக்கும்?"

அவள் தன் நோட்டை எடுத்தாள். "இத நானே ரிப்போர்ட்டுல எழுதுறேன் ஆன்ட்டி," என்றாள். அதை மேலே யார் படிப்பார்களோ, அந்த ஓடுபாதை நீளுமோ நீளாதோ, இன்று வரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

கருவியை வண்டியில் ஏற்றியதும் தலைவர் கோணியை உருவிவிட்டுப் பாட்டைப் போட்டார். பையன்கள் மோட்டாரை முறுக்கினார்கள். ஒரே கூச்சல். உள்ளே என் வீட்டுக்காரரின் குறட்டை கேட்டது. நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். தோட்டத்தை விட்டு லாரி ஏறிய அன்று, லயத்தில் வீடு காலியாகக் காலியாக ரேடியோக்கள் ஒவ்வொன்றாய் நின்றுபோனதைக் கேட்டவள் நான். இன்னொரு தடவை அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.