குப்புறக் கிடந்து கேட்ட இசை

அந்த வாரம் வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி, குப்புறப் படுத்தபடி. மகள், காலையில் வேலைக்குப் போகும் வரைக்கும், பிறகு சாயங்காலமும். கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் பாய், போனுக்குச் சார்ஜ் போட்டு எடுத்து வரும்போது மட்டும். வேறு யாரும் இல்லை. பர்மாவில் அலோன் என்கிற பேட்டையில் மூன்றாம் மாடி எங்கள் வீடு. ஒரே அறை.

மனைவிக்கு இடது கண் சர்க்கரையில் போய் வெகுநாள் ஆகிறது. இருந்தது வலது கண்தான். அதிலும் உள்ளே திரை உரிந்துவிட்டது என்று ஆபரேஷன் செய்தார்கள். கண்ணுக்குள் காற்று வைத்திருக்கிறோம், தலை குனிந்தே இருந்தால்தான் காற்று ஏறித் திரையை ஒட்ட வைக்கும், ஒரு வாரம் நிமிரக்கூடாது என்றார் டாக்டர்.

"ஒட்டலைன்னா?" என்று கேட்டேன்.

டாக்டர் என் மகளைப் பார்த்தார். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்த பிறகு நர்ஸம்மா தனியாக இரண்டு விஷயம் சொன்னார். தலையைத் தூக்க விடாதீர்கள். அழ விடாதீர்கள்.

துறைமுகத்துக் கிட்டங்கியில் லீவு சொன்னேன். அரிசி மூட்டை தூக்குகிற வேலை. நான் போகாவிட்டால் இன்னொருவன் தூக்குவான்.

கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் பழைய லுங்கியைச் சும்மாடு மாதிரிச் சுற்றி வைத்தேன். சும்மாடு சுற்ற எனக்குத் தெரியும். நெற்றியும் கன்னமும் துணியில் பதியும், கண் நடுவில் எதிலும் படாமல் நிற்கும்.

"இத்தனை வருஷம் மூட்டைக்குச் சுத்துனீங்க. இப்ப எனக்கு" என்றாள்.

முதல் நாள் மகள் தமிழ்ப் படம் போட்டுவிட்டுப் போனாள். அது சரிப்படவில்லை. தெரிந்த நடிகர் குரல் வந்ததும், முகத்தைப் பார்க்கிற பழக்கத்தில் மனைவி தலையைத் தூக்கினாள். நான் பிடித்து அழுத்தினேன். மறுபடி தூக்கினாள். படத்தை நிறுத்திவிட்டேன்.

போனில் வேறு இருந்தது ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடர்தான். மகள் தனக்காக இறக்கி வைத்தது. பேச்சு ஜப்பானியம். கீழே பர்மிய எழுத்து ஓடும். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் எழுத்து போய்விடும். மனைவிக்குப் பார்க்கவே முடியாது. முகம் தெரியாதவர்கள் என்பதால் அவளுக்குத் தலையைத் தூக்கவும் தோன்றவில்லை. அதனால் அதையே வைத்துக்கொண்டோம்.

கடலில் ஒரு பாறை. அதில் ஒரு விளக்குத் தூண். விளக்குப் போடுகிற பெரியவர், அவரோடு ஒரு பெண் பிள்ளை, ஒரு நாய். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். பார்த்துச் சொல்வது என் வேலை.

"எங்க இருக்காங்க?"

"கடல்."

"கடலு சரி. என்ன பண்றாங்க?"

"பெரியவர் ஏறுறாரு."

"எதுல?"

"தூணுல."

"உங்ககிட்ட கதை கேக்குறதுக்கு அந்த நாய்கிட்டயே கேக்கலாம்."

எனக்குப் பேச வராது. ஆனால் பேச்சுக்கு அடியில் ஒரு இசை ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டு இல்லை. சொல்லும் இல்லை. வெறும் வாத்தியம். மகள் பார்க்கும்போது பின்னால் ஏதோ சத்தம் என்று இருந்திருக்கிறேன். இப்போது இரண்டு பேருக்கும் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. நாய் வந்தால் ஒரு புல்லாங்குழல் வரும். அதற்கு நாய்க் குழல் என்று பெயர் வைத்தாள். பெரியவர் விளக்கைப் போட்டால் தாழ்ந்த குரலில் ஏதோ ஒன்று நீளமாக இழுக்கும். கிட்டங்கிக்கு எதிரே கப்பல் ஊதுகிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் வயலின் வந்தது. மனைவி பதறிவிட்டாள்.

"ஐயோ, யாருங்க போயிட்டாங்க?"

"யாரும் போகல."

"வயலின் இந்த அழுகை அழுவுதே!"

"புள்ள மீன் சுடுது."

"மீன் சுடுறதுக்கா?"

"ஆமா."

நம் படங்களில் வயலின் அப்படி இழுத்தால் வீட்டில் ஓர் ஆள் குறைந்திருக்கும். அதிலேயே எங்கள் காது பழகிவிட்டது. ஜப்பான்காரன் மீனுக்கும் மழைக்கும் அதை வைக்கிறான். யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் அவள் மீனுக்கே ஒரு பெருமூச்சு விட்டாள். மத்தியானம் மொஹிங்காவை, மீன் குழம்பு ஊற்றிய சேமியாவை, கிண்ணத்தில் வைத்து முகத்துக்கு நேர் கீழே பிடித்தேன். குனிந்தபடியே கரண்டியால் எடுத்துக் குடித்தாள். வயலின் இல்லாமல் இறங்கவில்லை என்று கேலி செய்தாள்.

வாரம் பாதி கடந்திருக்கும். பெரியவர் விளக்கைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்தார். பிள்ளை போர்வை எடுத்துப் போர்த்தியது. நாய் வந்து அவர் கையில் தாடையை வைத்தது. கை அசையவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

வயலின் வரவில்லை. பியானோ வந்தது. ஒற்றை விரலால் குழந்தை தட்டுகிற மாதிரி, லேசாக, துள்ளித் துள்ளி. நடுவில் சின்ன மணி ஒன்று.

மனைவி சிரித்தபடி கேட்டாள். "என்ன, ஏதாச்சும் விசேஷமா?"

நர்ஸம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

"ஆமா."

"என்ன விசேஷம்?"

"கல்யாணம்."

"யாருக்கு?"

"பெரியவருக்கு."

"அடப்பாவி! இந்த வயசுலயா? பொண்ணு யாரு?"

"பக்கத்துத் தீவு."

ஒரு பொய் சொன்னால் அதோடு முடிகிறதா. மறுநாள் பெரியவர் குரலைக் காணவில்லையே என்றாள். பெண் வீட்டில் இருக்கிறார் என்றேன். வீட்டோட மாப்பிள்ளையா என்றாள். ஆமாம் என்றேன். பெண்ணுக்குச் சொந்தமாகப் படகு இருக்கிறது, மாமனார் நல்ல மாதிரி, சம்பந்திகளுக்குள் சண்டை இல்லை. வாய் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு பேசவில்லை.

"வெக்கங்கெட்ட மனுஷன். அந்தப் புள்ளையத் தனியா விட்டுட்டு" என்றாள்.

கரண்ட் அன்று முழுக்க வரவில்லை. பாய் தன் கடை பேட்டரியில் போனுக்குச் சார்ஜ் போட்டு மாடி ஏறி வந்தார். நான் விட்ட இடத்திலிருந்து தொடரை ஓட விட்டேன்.

"என்னண்ணே, இந்த வயசுல கார்ட்டூனு?"

"பாய், ஒரு விஷயம் கேளுங்க" என்றாள் மனைவி தரையைப் பார்த்தபடி. "விளக்குக்காரப் பெரியவருக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

பாய் போனைப் பார்த்தார். அதில் பெரியவர் படம் சட்டம் போட்டு இருந்தது. பிள்ளை முன்னால் உட்கார்ந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தது. பாய் என்னைப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன்.

"மாப்பிள்ளை போட்டோவுல நல்லாத்தான் இருக்காருக்கா" என்று சொல்லிவிட்டு வேகமாகக் கீழே இறங்கிவிட்டார்.

சாயங்காலம் மகள் தையல் ஆலையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எது வரைக்கும் பாத்தீங்க? அந்தத் தாத்தா செத்துப் போற இடத்துல நான் என்னமா அழுதேன் தெரியுமா?"

நான் கையைத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது.

மனைவியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. மண்டியிட்டு அவள் நெற்றிக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தேன். "வேணாம். அழாத. கண்ணு, கண்ணு."

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாடி உங்கப்பாவ? செத்தவருக்குக் கல்யாணம் பண்ணி, வீட்டோட மாப்பிள்ளையாவும் ஆக்கிட்டாரு!"

"சிரிக்காத. தலைய ஆட்டாத."

"எனக்குக் காலையிலேயே சந்தேகம்" என்றாள். "அந்தப் புள்ள கொரலு ஒடைஞ்சு போயிருந்துச்சு. நாய்க் குழலும் வரல. சரி, நீங்க பேசிட்டு இருக்கீங்க. நான் எதுக்கு நிறுத்தணும்?"

என் உள்ளங்கை அவள் நெற்றிக்கு அடியிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

கொஞ்சம் கழித்து, "அந்தப் பியானோவ மறுபடி போடு" என்றாள் மகளிடம்.

மகள் தேடிப் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூவரும் கேட்டோம். இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மணி அடிக்கும் இடத்தில் ஸ்டூலில் ஒரு சொட்டு விழுந்தது. வலது கண்ணில் கட்டு இருந்தது. சொட்டு இடது கண்ணுடையது. அது அழுதால் அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாரம் முடிந்து கட்டை அவிழ்த்தார்கள். நிழல்தான் தெரிகிறது என்றாள். உள்ளே காற்று இன்னும் இருக்கிறது, அது கரையக் கரையத்தான் தெரியும், அதற்கு முன்னால் நாங்கள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பாட்டிலில் தண்ணீர் ஆடுகிற மாதிரி ஒரு கோடு ஆடுகிறது என்று தினமும் சொல்வாள். பிறகு கோடு தணிந்துகொண்டே வந்தது. நான் கிட்டங்கிக்குத் திரும்பப் போனேன். மூட்டை முதுகில் இருக்கும்போதும் எனக்கு அந்தக் கோட்டின் நினைப்புதான். வீட்டில் அவளை நானாக எதுவும் கேட்கவில்லை. அவள் சுவரைத் தடவி நடக்கிறாளா, தடவாமல் நடக்கிறாளா என்று மட்டும் பார்ப்பேன்.

காற்று போய்விட்டது என்று சொன்ன அன்று ஆஸ்பத்திரியில் இடது கண்ணை மறைத்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நர்ஸம்மா எதிர்ச் சுவரோரம் போய் நின்று மூன்று விரலைத் தூக்கினார். எத்தனை என்று பர்மியத்தில் கேட்டார்.

என்னைப் பார்த்து, "நீங்க சொல்லக்கூடாது" என்றார்.

மனைவி கழுத்தை நீட்டினாள். தலையை நன்றாக நிமிர்த்தினாள்.

"மூணு."