பலகையின் வலது பாதி

மொத்தம் முப்பத்தொரு மணி நேரம். சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி வரை. அதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். நான் பி.எஸ்ஸி. வேதியியல். நானும் நம்பாதவள்தான்.

வருடம் 1996. தி. நகரில் ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் கரீமுல்லா பாய் வீடியோ கேம்ஸ் கடை வைத்திருந்தார். பெயின்ட் வேலை முடிந்து ஞாயிறு மாலை மறுபடி திறப்பதாக ஏற்பாடு. பின்னறையில் தார்ப்பாய் போர்த்திய பழைய பின்பால் மெஷின் ஒன்று கிடந்தது. கண்ணாடிக்கு அடியில் சாய்வாக ஒரு மரப் பலகை. பலகையில் படம் வரைந்திருக்கும், அதன்மேல் இரும்புக் குண்டு ஓடும். ஓடி ஓடிப் படம் தெரியாத அளவுக்குக் கரி அப்பியிருந்தது. அதைச் சுத்தம் செய்ய ஆள் தேவை என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார். போனேன்.

"உன்னால ஆவுமாம்மா?" என்றார்.

"ஆகும்."

"ஞாயித்துக்கெழமை அஞ்சு மணிக்கு இது பளபளன்னு நிக்கணும். நின்னா என் நாலு கடை மெஷினும் உன் பொறுப்பு. இல்லன்னா பலகைய பேத்துக் கடாசிட்டு உள்ள டி.வி. வெச்சு வீடியோ கேமா மாத்திருவேன்."

"இதுக்கு முன்னாடி யாராவது தொடைச்சிருக்காளா?"

"யாரும் தொடல." சட்டென்று சொன்னார். கொஞ்சம் அதிகமாகவே சட்டென்று.

மயிலாப்பூர் வீட்டில் அப்பா செய்தித்தாளை மடக்கினார். "ஆத்துல உக்காந்துண்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்காம, கோலி மெஷினைத் தொடைக்கப் போறியாக்கும்?" நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சனிக்கிழமை இடது பாதியில் ஆரம்பித்தேன். பழைய பனியன் துணி, நாலு சொட்டு ஸ்பிரிட், சின்னச் சின்ன வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் துணியைப் பார்க்க வேண்டும். கறுப்பு வந்தால் அழுக்கு. நிறம் வந்தால் படமே உரிகிறது, நிறுத்திவிட வேண்டும். 12.50க்கு இடது பாதி முடிந்தது. பச்சைக் கடலும் சிவப்புப் பாய்மரமும் வெளியே வந்தன. கண்ணாடியை மூடிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மேல் படிக்கட்டில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன்.

1.25க்குத் திரும்பினேன். பூட்டு பூட்டியபடி இருந்தது.

வலது பாதியும் சுத்தமாகியிருந்தது.

குனிந்து பார்த்தேன். துணி ஓடிய தடம் ஈரமாக இருந்தது. என் வட்டங்கள் வலப்பக்கம் சுழலும். இவை இடப்பக்கம் சுழன்றிருந்தன.

முன்கூடத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த குப்பனிடம் ஓடினேன்.

"உள்ள யார் வந்தா?"

"யாரும் வர்லியே. நீதான் உள்ள தேய்ச்சிகினு இருந்த. சத்தம் கேட்டுச்சே."

"நான் மாடிப்படியில சாப்பிட்டுண்டு இருந்தேன்."

"அப்போ எலியா இருக்கும், போம்மா" என்று சிரித்தான். எலிக்குப் பனியன் துணி எதற்கு?

பயம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. இது என் வேலை. பாதி இன்னொருவருடையது என்றால் நாளைக்குப் பெயரும் பாதிதான். அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்? கரி படிந்த துணியை எடுத்தேன். வலது பாதி முழுக்க அழுக்கைத் திரும்ப அப்பினேன். முதலிலிருந்து நானே துடைத்தேன்.

மாலை 5.40. கை வலித்தது. துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

சர்ர்... சர்ர்...

என் கை நின்றுவிட்டது. சத்தம் நிற்கவில்லை.

"தேய்ச்சுக்கோ. நாளைக்கும் வருவேன்" என்றேன்.

ஞாயிறு காலை. பலகைக்குக் கார் பாலிஷ் போட்டேன். அதன்மேல் பாதுகாப்புக்கு ஒரு தாள் போட வேண்டும். கடையில் கிடைக்காது, நானே தயாரித்திருந்தேன். காயலான் கடையில் வாங்கிய பெரிய எக்ஸ்ரே ஃபிலிம்களைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்தால் கறுப்பெல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும். கண்ணாடி மாதிரி தாள் மிஞ்சும். அளவுக்கு வெட்டிப் பலகைமேல் விரித்து, ஓரத் திருகுகளை முடுக்கினேன்.

2.15. வலது பாதியில் தாளுக்கு அடியில் ஒரு காற்றுக் குமிழ். ஸ்கேலால் ஓரத்துக்குத் தள்ளினேன். போனது.

திரும்ப வந்தது.

தள்ளினேன். வந்தது. இந்தமுறை பெரிதாக...

டர்பன்டைன் வாடை. நான் டர்பன்டைனைத் தொடவே இல்லை.

குமிழ் நீண்டது. பிரிந்தது.

ஐந்து விரல்கள்.

அடியிலிருந்து மேலே அழுத்தின.

ஓடவில்லை. என் உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். ஐஸ். முழு பலத்தையும் போட்டு அழுத்தினேன்.

"தள்ளிக்கோ! இது என் வேலை!"

வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

தாள் படிந்தது. கண்ணாடியை மூடினேன்.

ஐந்து மணிக்குக் கடை நிறைந்தது. எல்லாரும் ஆண்கள், பையன்கள். முதல் குண்டு பச்சைக் கடலில் வழுக்கிக்கொண்டு ஓடியது, விளக்குகள் எரிந்தன, பையன்கள் விசிலடித்தார்கள். அடையாறிலிருந்து வந்திருந்த ராஜகோபாலன் என்ற பெரியவர் கண்ணாடிமேல் குனிந்தார்.

"பிரமாதம் பாய். யார் பண்ணினா?"

கரீமுல்லா பாய் என்னைப் பார்க்கவில்லை. "நம்ம தம்பி கைவேலை சார்" என்றார்.

கூட்டத்தில் நான் வாயே திறந்ததில்லை. திறந்தேன்.

"நான்."

அதே நொடியில், என் தோளுக்குப் பக்கத்தில், இன்னொரு பெண் குரல்.

"நான்."

விசில் நின்றது. ராஜகோபாலன் என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பாயின் கையிலிருந்த டீ கிளாஸ் விழுந்து உடைந்தது.

பாய் என்னைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனார்.

"அது காவேரிம்மா."

"யார் காவேரி?"

"நாலு வருசம் முன்னால இதே பலகைய இதே ரூம்ல தொடைச்சவ. அன்னிக்கும் என் தம்பி பண்ணான்னுதான் சொன்னேன்."

"அவங்க இப்போ எங்க?"

படியில் உட்கார்ந்தார். பிறகு வாய்விட்டுச் சொன்னார்.

"மறுநாள் காலைல ஷட்டர தூக்குறேன். ரூம் பூரா டர்பன்டைன் வாடை, பலகை மேல கவுந்து கெடக்குறா. மூச்சு இல்ல. கையில துணி. வெரல பிரிக்கவே முடியல... அந்தத் துணியோடதான் எரிச்சாங்க."